பிரிண்டை ரத்து செய்தாலும் ‘அச்சிடப்பட்டது’ என்று பதிவாகிறது: எங்கே பிடிப்பது?

செகாம்புட்_தம்பி · திங்கள், காலை 10:12

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே.

செகாம்புட்டில் ஒரு ஹார்ட்வேர் மொத்தக்கடைக்கு டி.ஓ. (டெலிவரி ஆர்டர், சாமானோடு போகும் சீட்டு), இன்வாய்ஸ் போடும் மென்பொருளைப் பார்த்துக்கொள்கிறேன். சி ஷார்ப், விண்ஃபார்ம்ஸ், டாட் நெட் ஃபிரேம்வொர்க் 4.8. எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிவிட்டுப் போனது.

டி.ஓ. முதல் தடவை அச்சடித்தால் சாதாரணமாக வரும். அடுத்த தடவை அச்சடித்தால் குறுக்கே பெரிதாக ‘சாலினான்’ (மலாயில் நகல்) என்று விழும். எது முதல் தடவை என்பதற்கு டேட்டாபேஸில் ஒரு கொடி (ஆம்-இல்லை குறி) இருக்கிறது. பிரிண்ட் அழைப்புக்கு அடுத்த வரியிலேயே அந்தக் கொடி ஏறிவிடுகிறது.

கவுண்டரில் இருக்கும் கிராணி (குமாஸ்தா) தப்பான பிரிண்டரைத் தேர்ந்தெடுத்துவிட்டுப் பதறுகிறார். பக்க எண் காட்டும் சின்னப் பெட்டி வருமே, அதில் கேன்சல் அழுத்துகிறார். தாள் வரவில்லை, ஆனால் கொடி ஏறியாச்சு. சரியான பிரிண்டருக்கு மறுபடி அனுப்பினால் சாலினான்! லோரிக்காரர் அதை எடுத்துக்கொண்டு போனால், சைட்டில் ஸ்டோர் பார்ப்பவர் “ஒரிஜினல் இல்லாமல் கையெழுத்துப் போட மாட்டேன்” என்கிறார். லோரி சுபாங்கில் நிற்கிறது, பாஸ் இங்கே என்னிடம் கத்துகிறார்.

அச்சு முடியும்போது ஓடும் எண்ட்பிரிண்ட் நிகழ்வில், ரத்தானதா என்று சொல்லும் இ.கேன்சலைப் பார்த்தேன். கேன்சல் அழுத்தினாலும் ஃபால்ஸ் என்றே வருகிறது. யாருக்காவது தெரியுமா?


கோப்பி_ஓ_கோசோங் · திங்கள், காலை 10:20

பிரிண்டர் தேர்வு டயலாக்கைத் திறக்கும் ஷோடயலாக் என்ன திருப்பித் தருகிறது என்று பாருங்கள். ஓகே இல்லையென்றால் பிரிண்டைக் கூப்பிடாதீர்கள். முடிந்தது வேலை.


செகாம்புட்_தம்பி · திங்கள், காலை 10:24

அது ஏற்கனவே இருக்கிறது அண்ணே. டயலாக்கில் கேன்சல் அழுத்தினால் சிக்கல் இல்லை. ஓகே அழுத்திய பிறகு மனசு மாறினால்தான் தகராறு.


24ஊசி · திங்கள், மதியம் 1:05

பினாங்கிலிருந்து வணக்கம் தம்பி. ஜெலுத்தோங்கில் டாட் மேட்ரிக்ஸ் சத்தத்துக்கு நடுவிலேயே வயசாகிப்போன ஆள் நான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

ரத்து என்று ஒரே சொல்லில் சொல்கிறோம். விண்டோஸில் அது வேறு வேறு இடங்களில் நடக்கிறது, ஒவ்வொரு இடத்திலும் நிரலுக்குக் கிடைக்கும் தகவல் வேறு. டயலாக்கை நீங்கள் தாண்டிவிட்டீர்கள். அதற்கு அடுத்தது ஸ்டார்ட்டாக், அச்சு வேலையைத் தொடங்கும் விண்டோஸ் அழைப்பு. மைக்ரோசாஃப்ட் பிரிண்ட் டு பிடிஎஃப் தேர்ந்தெடுத்தால் கோப்பை எங்கே சேமிப்பது என்று ஒரு ஜன்னல் வரும், தெரியுமில்லையா? அது வருவது ஸ்டார்ட்டாக் அழைப்பின்போதுதான். அதில் கேன்சல் அழுத்தினால் ஸ்டார்ட்டாக் தோற்கும், பிழை எண் 1223. டாட் நெட் அந்த எண்ணைப் பார்த்தால் எக்ஸெப்ஷன் எறியாமல் இ.கேன்சலை ட்ரூ ஆக்கிவிடும். பக்கத்தை வரையும் பிரிண்ட்பேஜ் ஒரு தடவைகூட ஓடாது. எண்ட்பிரிண்ட் ஓடும், அங்கே ட்ரூ என்றே தெரியும். “எனக்கு எண்ட்பிரிண்டில் சரியாக வருகிறதே” என்று சிலர் சாதிப்பது இதை வைத்துத்தான். பிடிஎஃபில் சோதித்துப் பார்த்துவிட்டுச் சொல்கிறார்கள்.

உங்கள் கிராணி அழுத்துவது அதற்கும் பிறகு, பக்கங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போது. இங்கே உள்ளே நடக்கும் வரிசையைப் பார்க்கணும். பக்கங்களை ஓட்டும் லூப் முடிந்ததும், அது ரத்தாகி முடிந்ததா, முழுசாக முடிந்ததா என்று கன்ட்ரோலருக்கு (அச்சு வேலையை நடத்தும் வகுப்பு) தெரியும். ஆனால் அது முதலில் டாக்குமென்டின் எண்ட்பிரிண்ட் நிகழ்வை எழுப்புகிறது. அதற்கு அடுத்த வரியில்தான் லூப்பின் முடிவை இ.கேன்சலில் சேர்க்கிறது. கடைசியில் கன்ட்ரோலரின் சொந்த ஆன்எண்ட்பிரிண்ட் ஓடுகிறது, இ.கேன்சல் ட்ரூ என்றால் அபார்ட்டாக் (வேலையைக் கைவிடும்), இல்லையென்றால் எண்ட்டாக் (வேலையை முடிக்கும்). நீங்கள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் பதில் இன்னும் எழுதப்படவில்லை, அவ்வளவுதான். மைக்ரோசாஃப்ட் மூலநிரலைத் திறந்துதான் வைத்திருக்கிறது, பிரிண்ட்கன்ட்ரோலர் வகுப்பைப் படித்தால் நீங்களே பார்க்கலாம்.

அதனால் பார்க்கும் இடத்தை மாற்றுங்கள். அந்தச் சின்னப் பெட்டியைக் காட்டுவது பிரிண்ட்கன்ட்ரோலர்வித்ஸ்டேட்டஸ்டயலாக் என்ற வகுப்பு. அதிலிருந்து சொந்தமாக ஒரு வகுப்பைப் பிறப்பித்து, ஆன்எண்ட்பிரிண்டை ஓவர்ரைடு செய்யுங்கள். முதலில் பேஸ் அழைப்பு, அது திரும்பி வந்த பிறகு இ.கேன்சலை ஒரு மாறியில் எடுத்து வையுங்கள். முன்னால் எடுத்தால் தப்பு. டாக்குமென்டின் பிரிண்ட்கன்ட்ரோலர் பண்பில் உங்கள் வகுப்பை வைத்துவிட்டுப் பிரிண்டைக் கூப்பிடுங்கள். பிரிண்ட் திரும்பி வந்ததும் அந்த மாறியைப் பார்த்துக் கொடி ஏற்றுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம். மாறியின் ஆரம்ப மதிப்பு ‘முடியவில்லை’ என்றே இருக்கட்டும். நடுவில் எக்ஸெப்ஷன் வந்தாலும் கொடி தப்பாக ஏறாது.

இன்னொன்று, கேட்காததற்கும் சேர்த்துச் சொல்கிறேன். பிகின்பிரிண்ட், எண்ட்பிரிண்ட் இரண்டும் பிரிவியூ பார்க்கும்போதும் ஓடும். எண்ட்பிரிண்டில் கொடி ஏற்றும் நிரலாக இருந்தால், திரையில் பார்த்ததையே அச்சடித்ததாக எழுதிவிடும். இ.பிரிண்ட்ஆக்‌ஷன் என்ன என்று பார்த்தால் பிரிவியூவா, பிரிண்டரா என்று பிரிக்கலாம். மேலே சொன்ன கன்ட்ரோலர் வழியில் இந்தத் தொல்லை இல்லை. பிரிவியூ தனக்கென்று வேறு கன்ட்ரோலரை மாட்டிக்கொண்டு ஓடும், முடிந்ததும் உங்களுடையதைத் திருப்பி வைத்துவிடும்.


செகாம்புட்_தம்பி · திங்கள், மாலை 4:48

அண்ணே, நூறு தடவை நன்றி. பெட்டியில் கேன்சல் அழுத்தினால் இப்போது சரியாகத் தெரிகிறது.

ஆனால் டி.ஓ. பெரும்பாலும் ஒரே பக்கம். பெட்டி வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறது, அழுத்த நேரமே இல்லை. கிராணி கீழே பிரிண்டர் ஐகானைத் திறந்து, க்யூவில் ரைட் கிளிக் செய்து கேன்சல் போடுகிறார். பாஸ் அதைவிட ஒரு படி மேலே. நேராக பிரிண்டரிடம் போய் அதிலுள்ள பட்டனையே அழுத்துகிறார். இவை நிரலுக்குத் தெரியுமா?


பழைய_டெல்ஃபி · திங்கள், இரவு 9:30

டெல்ஃபியில் பிரிண்டர்.அபார்ட்டட் என்று ஒரு பண்பு உண்டு, கேட்டால் சொல்லிவிடும். விபி6 காலத்தில் காமன்டயலாக்கில் கேன்சல்எர்ரரை ட்ரூ வைத்தால் 32755 என்று பிழை வரும், அதைப் பிடித்தால் போதும். இப்போது எல்லாம் வகுப்புக்குள் வகுப்பு.


24ஊசி · திங்கள், இரவு 9:51

அபார்ட்டட் சொல்வது நம் நிரல் வழியாக நிறுத்தியதை மட்டும்தானே அண்ணே. க்யூவில் யாரோ அழித்தால் டெல்ஃபிக்கும் தெரியாது.


பாயான்_நெட்வொர்க் · செவ்வாய், காலை 8:15

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் பிரிண்ட் சர்வர்களும் என் தலையில்தான். தம்பியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

பிரிண்ட் அழைப்பு திரும்பி வந்தாலே வேலை ஸ்பூலர் (விண்டோஸில் அச்சு வரிசையை நடத்தும் சேவை) கைக்குப் போய்விட்டது. அதற்குப் பிறகு நடப்பதை உங்கள் பிரிண்ட்டாக்குமென்ட் எந்த நிகழ்விலும் சொல்லாது. ஸ்பூலரிடம் தனியாகத்தான் கேட்கணும்.

கேட்பதற்கு முதலில் எது உங்கள் வேலை என்று அடையாளம் வேண்டும். ஸ்டார்ட்டாக் வெற்றியானால் வேலை எண் ஒன்றைத் தரும், ஆனால் பிரிண்ட்டாக்குமென்ட் அதை உங்களுக்குக் கொடுக்காமல் விழுங்கிவிடும். ஆகவே டாக்குமென்ட்நேமில் டி.ஓ. எண்ணையும் எத்தனையாவது முயற்சி என்பதையும் சேர்த்து, வேறு எதனோடும் குழம்பாத பெயராக வையுங்கள். க்யூவில் அந்தப் பெயரை வைத்துத் தேடலாம். என்யூம்ஜாப்ஸ், வின்32_பிரிண்ட்ஜாப், சிஸ்டம்.பிரிண்டிங் என்று எது உங்களுக்குப் பழக்கமோ அது.

அரை விநாடிக்கு ஒரு தடவை எட்டிப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். ஒரு பக்க டி.ஓ. அதற்குள் வந்து போய்விடும். ஃபைண்ட்ஃபர்ஸ்ட்பிரிண்டர்சேஞ்ச்நோட்டிஃபிகேஷன் என்று ரயில் நீளத்துக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கிறது. பிரிண்டைக் கூப்பிடுவதற்கு முன்பே அதைத் தொடங்கி வைத்தால் க்யூவில் நடக்கும் மாற்றங்கள் தேடி வரும்.

பலர் விழும் குழி இங்கேதான். வேலை க்யூவிலிருந்து நீங்கியது என்று செய்தி வந்தால் ரத்து என்று அர்த்தமில்லை. நல்லபடியாக முடிந்த வேலையும் க்யூவிலிருந்து நீங்கத்தான் செய்யும், ‘அச்சிட்டதை வைத்திரு’ என்று பிரிண்டர் அமைப்பில் போட்டிருந்தால் தவிர. நீங்குவதற்கு முன் என்னென்ன நிலைக் கொடிகள் வந்தன என்று சேர்த்து வைக்கணும். அச்சிட்டது என்பதற்கு 0x80, அழிக்கப்படுகிறது என்பதற்கு 4, அழிக்கப்பட்டது என்பதற்கு 0x100, முடிந்தது என்பதற்கு 0x1000. அந்தக் கடைசிக் கொடிக்கு மைக்ரோசாஃப்டே ஆவணத்தில் எழுதியிருப்பது: வேலை பிரிண்டருக்கு அனுப்பப்பட்டது, ஆனால் இன்னும் அச்சாகாமல் இருக்கலாம். அழிக்கும் கொடிகள் நல்லபடி முடிந்த வேலைக்கும் கடைசி நேரத்தில் எட்டிப் பார்க்கும். ‘அச்சிட்டது’ வராமல் அழிப்பு மட்டும் வந்ததா என்று பார்த்தால்தான் ஓரளவு சரியாக இருக்கும்.

பாஸ் அழுத்தும் பட்டன் விஷயம் சுலபம்: தெரியாது. தரவு முழுக்க பிரிண்டரின் நினைவகத்துக்குள் போன பிறகு அங்கே ரத்தானால் விண்டோஸைப் பொறுத்தவரை அது முடிந்த வேலை. தாள் சிக்கினாலும் ரிப்பன் காய்ந்து வெள்ளையாக வந்தாலும் அதே கதைதான்.

நிரல் எழுதாமல் நிலவரம் மட்டும் பார்க்க வேண்டுமென்றால் ஈவென்ட் வியூவரில் பிரிண்ட்சர்வீஸ், அதன் கீழே ஆபரேஷனல் பதிவை இயக்குங்கள். விண்டோஸ் போட்ட கையோடு அது அணைந்துதான் இருக்கும். அச்சான ஒவ்வொரு வேலைக்கும் 307 என்று ஒரு வரி விழும், யார், எந்த பிரிண்டர், எத்தனை பக்கம் என்பதோடு. பாஸ் கத்தும்போது காட்ட ஆதாரமாச்சு.


கோப்பி_ஓ_கோசோங் · செவ்வாய், காலை 8:40

ஒரு சாலினானுக்கு இவ்வளவா! 😅


கணக்கு_அக்கா · செவ்வாய், மதியம் 12:30

பசியாறிவிட்டு இழை முழுக்க வாசித்தேன். தம்பிமார்கள் எல்லாரும் கெட்டிக்காரர்கள், ஆனால் கேள்வியையே ஒருத்தரும் கேள்வி கேட்கவில்லை.

அந்தக் கொடி எதற்கு? ஒரே டி.ஓ.வை இரண்டு தடவை காட்டி இரண்டு தடவை சாமான் எடுத்துவிடக் கூடாது என்பதற்கு. அதற்கு ‘அச்சடித்தாயா’ என்ற ஆம்-இல்லை கொடி ஒருநாளும் போதாது. தாள் நல்லபடியாக வந்ததா என்பது அங்கே நின்று பார்த்த மனிதனுக்கு மட்டும்தான் தெரியும். பாயான் தம்பியே ஒப்புக்கொண்டாச்சே.

பிரிண்டுக்கென்று தனி அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு வரி: யார், எப்போது, எந்த பிரிண்டர், நிரலுக்குத் தெரிந்த வரை என்ன ஆச்சு. பெட்டியில் ரத்தானால் ரத்து என்று எழுதுங்கள். மற்றதுக்கெல்லாம் ‘க்யூவுக்கு அனுப்பியது’ என்றே எழுதுங்கள். ‘அச்சடித்தது’ என்று எழுதாதீர்கள், அது உங்கள் நிரலுக்குத் தெரியாத விஷயம்.

திரையில் இருக்கும் சொல்லையும் கவனியுங்கள். நான் கணக்கு பார்த்த ஓர் இடத்தில் இன்வாய்ஸ் திரையில் கேன்சல் என்று இரண்டு பட்டன், ஒன்று பிரிண்டை நிறுத்த, ஒன்று இன்வாய்ஸையே ரத்து செய்ய. அந்தப் பொண்ணு பிரிண்டை நிறுத்துவதாக நினைத்து இன்வாய்ஸை ரத்து செய்துகொண்டிருந்தாள். இப்போது இ-இன்வாய்ஸ் வந்த பிறகு இது விளையாட்டில்லை. வருமான வரி வாரியத்தின் மைஇன்வாய்ஸில் ஒப்புதலாகிவிட்டால் ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதற்கு மேல் போனால் கிரெடிட் நோட் போட்டுத்தான் சரிசெய்யணும். காகிதம் ரத்தாவதும் ஆவணம் ரத்தாவதும் உங்கள் நிரலில் எந்த இடத்திலும் ஒன்றையொன்று தொடக் கூடாது.


24ஊசி · செவ்வாய், மதியம் 1:12

அக்கா சொல்வது சரி. ஆனால் மனிதனிடம் கேட்பது என்றால், ஒவ்வொரு பிரிண்டுக்கும் பிறகு ‘தாள் சரியாக வந்ததா’ என்று ஜன்னல் போடணும். நான் போட்டுப் பார்த்திருக்கிறேன். கிராணிகள் வாசிக்கவே மாட்டார்கள். என்டர், என்டர், என்டர். தாள் வெளியே வருவதற்கு முன்பே ‘ஆமாம்’ என்று பதில் வந்திருக்கும். அந்தப் பதிலுக்கு ஸ்பூலர் கொடியே தேவலாம்.


கணக்கு_அக்கா · செவ்வாய், மதியம் 1:40

முதல் பிரிண்டில் யார் கேட்கச் சொன்னது? அப்போது அவளுக்குப் பதில் சொல்ல ஒரு காரணமும் இல்லை, அடுத்த வேலைக்கு ஓடுகிறாள்.

இரண்டாவது பிரிண்டில் கேளுங்கள் தம்பி. மறுபடி அச்சடிக்க வருகிறவளுக்கு ஏன் வந்தோம் என்று நன்றாகவே தெரியும், தாளும் அவளுக்கு வேணும். “இந்த டி.ஓ. காலை 10:42க்கு கவுண்டர் பிரிண்டருக்குப் போயிருக்கிறது. மறுபடி ஏன்?” என்று ஜன்னல். தாள் வரவில்லை, தாள் கெட்டுப்போச்சு, வாடிக்கையாளர் இன்னொன்று கேட்கிறார், இதில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கணும், எதுவும் முன்கூட்டியே தேர்வாகி இருக்கக் கூடாது. கடைசிக் காரணத்துக்கு மட்டும் சாலினான். முதல் இரண்டுக்கும் ஒரிஜினல்.

நல்லபடியாக வந்த டி.ஓ.வுக்கு ஒரு கேள்வியும் இல்லை. நாள் முழுக்க என்டர் தட்டும் பிரச்சினையே வராது.


கிள்ளான்_ஸ்டோர் · செவ்வாய், மாலை 6:20

நான் நிரல் எழுதுகிறவன் இல்லை. நீங்கள் திட்டுகிற அந்த ‘ஸ்டோர்காரர்’ மாதிரி ஆள். கிள்ளானில் சாமான் வாங்கி உள்ளே வைப்பது என் வேலை.

சாலினானை நாங்கள் வாங்காததற்குக் காரணம் இருக்கிறது. ஒரே டி.ஓ.வுக்கு இரண்டு தாள் வந்தால், ஒன்று இன்றைக்குக் கையெழுத்தாகும், இன்னொன்று மாதக் கடைசியில் புது டெலிவரி மாதிரி பில்லோடு வரும். அக்கா சொல்கிற மாதிரி ‘தாள் வரவில்லை’ என்று ஒரு கிளிக்கில் இன்னொரு ஒரிஜினல் எடுக்கலாம் என்றால், பொய் சொல்ல எவ்வளவு நேரம்?


கணக்கு_அக்கா · செவ்வாய், மாலை 6:55

நல்ல கேள்வி அண்ணே. அதனால்தான் யார் சொன்னது என்று பெயரோடு வரி விழுகிறது. க்யூவுக்குப் போன டி.ஓ.வுக்கு மறு ஒரிஜினல் வேண்டுமென்றால் சூப்பர்வைசர் பாஸ்வேர்ட் கேட்கட்டும். பெட்டியிலேயே ரத்தானது என்று நிரலுக்கு உறுதியாகத் தெரிந்தால் கேட்க வேண்டாம். 24ஊசி தம்பி கண்டுபிடித்துக் கொடுத்த கன்ட்ரோலர் வித்தைக்கு அங்கேதான் பயன்.

தாளின் அடியில் சின்ன எழுத்தில் ‘அச்சு 2’ என்று எண்ணும் நேரமும் போட்டுவிடுங்கள், ஒரிஜினலாக இருந்தாலும். உங்களிடம் ‘அச்சு 1’ ஏற்கனவே வந்திருந்தால் உடனே தெரிந்துவிடும்.


கிள்ளான்_ஸ்டோர் · செவ்வாய், இரவு 7:10

அது எனக்கு ஓகே. சின்னதாக என்றாலும் வாசிக்கிற மாதிரி இருக்கட்டும், மூணாவது பிளையில் (அடியிலுள்ள படியில்) ஏற்கனவே பாதி எழுத்து தெரியாது.

எண் அச்சடித்தே வரும் 3 பிளை ஃபாரம் பாவிக்கிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்கணும். பாதி அச்சாகி ரத்தான ஃபாரத்தைக் கிழித்துக் குப்பையில் போடக் கூடாது. ‘பாத்தால்’ (மலாயில் ரத்து) என்று குறுக்கே எழுதி ஃபைலில் வைக்கணும். எண் விட்டுப்போனால் ஆடிட்டர் எங்கே என்று கேட்பார், கணக்கு ஆவணங்களை 7 வருஷம் வைத்திருக்கணும்.


24ஊசி · செவ்வாய், இரவு 8:02

ஆமாம்! ஃபாரத்தில் இருக்கும் எண்ணும் நிரல் நினைக்கும் எண்ணும் ஒன்று தள்ளிப்போவது இந்தப் பாதி ரத்தில்தான். கெட்டுப்போன ஃபாரத்தின் எண்ணை எழுத அட்டவணையில் ஒரு இடம் விடுங்கள் தம்பி.


பிரிக்ஃபீல்ட்ஸ்_கீதா · புதன், காலை 9:25

இடையில் நுழைவதற்கு மன்னிக்கணும். எங்களுடையது மைக்ரோசாஃப்டின் அறிக்கைக் கருவி: ஆர்டிஎல்சி, ரிப்போர்ட்வியூவர். மேலே உள்ள கன்ட்ரோலர் வழி எங்களுக்கு ஒத்துவருமா? பக்கத்து டீம் இன்னொரு அறிக்கைக் கருவியான கிரிஸ்டல் ரிப்போர்ட்ஸ்.


24ஊசி · புதன், காலை 10:10

ரிப்போர்ட்வியூவர் தன் பிரிண்ட்டாக்குமென்டை உள்ளேயே வைத்துக்கொள்ளும்மா, நம் கன்ட்ரோலரை மாட்ட இடம் தராது. ஷோபிரிண்ட்பட்டனை ஃபால்ஸ் ஆக்கிவிட்டு, சொந்தப் பட்டன் வைத்து, அதிலிருந்து வியூவரின் பிரிண்ட்டயலாக்கைக் கூப்பிடுங்கள். அது டயலாக்ரிசல்ட் தரும். டயலாக்கில் ஓகேவா கேன்சலா என்பது வரை தெரியும். இன்னும் வேண்டுமென்றால் ரிப்போர்ட்டைப் பக்கம் பக்கமாக இஎம்எஃப் படமாக ரெண்டர் செய்து, சொந்த பிரிண்ட்டாக்குமென்டில் வரையலாம். வேலை அதிகம், ஆனால் கன்ட்ரோலர் நம் கையில் இருக்கும்.

கிரிஸ்டலில் பிரிண்ட்டுபிரிண்டர் எதையும் திருப்பித் தராது. அங்கே கன்ட்ரோலரைத் தேடாதீர்கள், அக்காவின் அட்டவணையோடு நில்லுங்கள்.


பாயான்_நெட்வொர்க் · புதன், காலை 10:32

நானும் அதையே சொல்வேன். ஸ்பூலரைக் காவல் காக்கும் நிரலை ஒரு கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தேன். நன்றாகத்தான் ஓடியது, பிரிண்டர்களை வேறு சர்வருக்கு மாற்றும் வரை. அங்கே கவுண்டர் பயனருக்குத் தன் வேலையைப் பார்க்க மட்டும்தான் உரிமை இருந்தது, ஊர் வேலையெல்லாம் தெரியவில்லை. ஒவ்வொரு மாற்றத்துக்கும் என்னைக் கூப்பிட்டார்கள். டி.ஓ. கடைக்கு அது தேவையில்லை. செக் அச்சடிக்கும் இடம், லேபிள் எண்ணிக் கொடுக்கும் இடம் என்றால் யோசிக்கலாம்.


செகாம்புட்_தம்பி · வெள்ளி, மாலை 5:50

எல்லாருக்கும் நன்றி. அக்காவின் அட்டவணை, அண்ணனின் கன்ட்ரோலர், கிள்ளான் அண்ணனுக்காக அக்கா சொன்ன ‘அச்சு 2’, மூன்றும் ஏறியாச்சு. பழைய கொடியை எடுத்துவிட்டேன். பாஸ்வேர்ட் கவுண்டர் சூப்பர்வைசரிடம் இருக்கிறது, பாஸ் தனக்கும் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். ஸ்பூலர் பக்கம் போகவில்லை.

கிராணி அக்கா ‘மறுபடி ஏன்’ ஜன்னலில் நாலாவதாக ஒரு காரணம் சேர்க்கச் சொல்கிறார்: “பாஸ் பட்டனை அழுத்திவிட்டார்”. சேர்க்கலாமா?


கணக்கு_அக்கா · வெள்ளி, மாலை 6:03

கட்டாயம் சேருங்கள். மாதக் கடைசியில் எத்தனை என்று எண்ணி பாஸிடம் காட்டுங்கள்.